கொடிமலை எரிமலை இல்லை

பினாங்கு கொடிமலையைப் பற்றிப் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இது முன்னே எரிமலையா இருந்துச்சா?" கேட்பது பிள்ளைகள் மட்டும் இல்லை. மலை ரயிலில் பக்கத்தில் நிற்கும் பெரியவர் யாராவது, "ஆமாய்யா, இப்போ அணைஞ்சு போச்சு" என்று அடித்துச் சொல்வதும் உண்டு.

கொடிமலை எந்தக் காலத்திலும் நெருப்பு கக்கியதில்லை. ஆனாலும் பெரியவர் சொன்னதில் பாதி சரி. அந்த மலையின் கல் ஒரு காலத்தில் உருகிக் கிடந்த குழம்புதான். அந்தக் குழம்பு வெளியே வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், ஆற அமர ஆறி, இறுகிக் கல்லானது. தீவின் மேட்டுப் பகுதி அநேகமாக எல்லாமே அந்தக் கல், அதாவது கிரானைட் எனப்படும் கருங்கல். ஜார்ஜ் டவுன் இருக்கும் சமதரை மட்டும் பிற்பாடு வந்து படிந்த மண்ணும் மணலும்.

பாறைக்குழம்பு ஆறிக் கெட்டியானால் அதைத் தீப்பாறை என்கிறோம். பூமிக்கு உள்ளே இருக்கும்வரை அந்தக் குழம்பு மாக்மா; வெளியே கொட்டிவிட்டால் லாவா. உள்ளே ஆறியதா, வெளியே ஆறியதா என்பதை எரிமலையைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. கையில் உள்ள கல்லே சொல்லிவிடும். எப்படிச் சொல்கிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கல் ஏன் உருகுகிறது?

பள்ளிப் புத்தகப் படங்களில் பூமியை வெட்டிக் காட்டும்போது உள்ளே முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சுமாகப் பூசியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, நம் காலுக்குக் கீழே எங்கு தோண்டினாலும் குழம்பு தளதளவென்று கொதிக்கும் என்று மனத்தில் பதிந்துவிட்டது. உண்மையில் அப்படி இல்லை. மேலோட்டுக்கு அடியில் தொடங்கி ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை போகும் மேன்டில் என்ற அடுக்கு, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக இருந்தாலும், கெட்டியான பாறைதான். மேலே உள்ள பாறைகளின் அழுத்தம் அதை உருக விடுவதில்லை. ஆக, பூமிக்குள் பாறை உருகுகிறது என்றால் அதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்க வேண்டும்.

சூடான பாறை மெல்ல மேலே எழும்பி வந்தால் அழுத்தம் குறையும், சூடு அவ்வளவாகக் குறையாது. அப்போது உருகத் தொடங்கும். ஹவாயில் நடப்பது இது. இன்னொரு வழி, தண்ணீர். பூமியின் ஓடு பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்கிறது. கடலடித் தட்டு ஒன்று மற்றொரு தட்டின் கீழே நுழையும்போது தன் கனிமங்களுக்குள் கட்டுண்டு கிடக்கும் நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆழத்தில் அந்த நீர் பிரிந்து மேலே உள்ள சூடான பாறைக்குள் கசிய, பாறையின் உருகுநிலை பல நூறு டிகிரி இறங்கிவிடும். நமக்கு எதிர்க்கரையில் உள்ள சுமத்ரா எரிமலைகள் எல்லாம் இப்படி வந்தவை. மூன்றாவது வழி, மேலோடே தடித்துப்போய் அதன் அடிப்பகுதி சூடேறி உருகுவது. பினாங்கின் கதையில் பெரிய பங்கு இதற்குத்தான்.

இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இன்றைய தீபகற்ப மலேசியாவின் மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் தனித்தனி நிலத்துண்டுகளாக இருந்தன. நடுவில் ஒரு கடல். அந்தக் கடல் சுருங்கி மூடிக்கொள்ள, இரண்டு துண்டுகளும் வந்து மோதின. அவை ஒட்டிக்கொண்ட இடம் பகாங்கின் பெந்தோங், ரவுப் வழியாக நீளும் ஒரு கோடாக இன்றும் பாறைகளில் தெரிகிறது. மோதலில் மேலோடு தடித்தது. அடியில் சிக்கிய பழைய பாறைகளில் கடலடிச் சேறும் மணலும் இறுகி உண்டானவையும் இருந்தன. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கம் விடும் சூடும் சேர்ந்து அவற்றை உருக்கியது. தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லும், பினாங்குக் கருங்கல்லும் அந்தக் காலத்துக் குழம்பிலிருந்து வந்தவைதான்.

இந்தக் குழம்பில் சிலிக்கா, அதாவது சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள், அதிகம், நூற்றுக்கு எழுபது பங்குக்கும் மேல். சிலிக்கா கூடினால் குழம்பு பிசுபிசுப்பாகிவிடும்; மேலே ஏறுவது கடினம். ஏற ஏற ஆறவும் செய்யும். ஆகவே பெரும்பாலும் பாதி வழியிலேயே நின்றுவிடும். ஹவாயில் பசால்ட் என்ற கறுப்புக் கல்லாக இறுகும் குழம்பில் சிலிக்கா ஐம்பது பங்குதான், சூடும் 1,100 டிகிரிக்கு மேல். அது சுலபமாக ஓடி வெளியே வந்துவிடுகிறது.

ஆறும் வேகம்

குழம்பு ஆறும்போது என்ன நடக்கிறது? உருகிய நிலையில் அணுக்கள் தாறுமாறாக அலைந்துகொண்டிருக்கும். சூடு குறையக் குறைய அவை ஓர் ஒழுங்கில் அடுக்கிக்கொள்ளத் தொடங்கும். ஒழுங்காக அடுக்கிய அந்தக் கட்டிதான் படிகம். முதலில் ஒரு சின்னக் கரு உண்டாக வேண்டும். பிறகு அணுக்கள் அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டும்.

மெதுவாக ஆறினால் கருக்கள் கொஞ்சமாகத்தான் உண்டாகும், வளர நிறைய நேரம் கிடைக்கும். ஆகவே படிகங்கள் பெரியவை. வேகமாக ஆறினால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கருக்கள் முளைத்துவிடும், எதற்கும் வளர நேரம் இருக்காது. படிகங்கள் பொடிப்பொடியாக நின்றுவிடும். இன்னும் வேகமாக, தண்ணீரில் விழுந்ததுபோல் ஆறினால் கருவே உண்டாகாது. அணுக்கள் அலைந்த நிலையிலேயே உறைந்துவிடும். அதற்குப் பெயர் கண்ணாடி. எரிமலைக் கண்ணாடியை ஒப்சிடியன் என்கிறார்கள். சர்க்கரைப் பாகை நினைத்துப் பாருங்கள்: நாள்கணக்கில் விட்டுவைத்தால் கல்கண்டு, சட்டென்று ஆறவிட்டால் கண்ணாடி மாதிரி மிட்டாய். சரக்கு ஒன்றுதான், ஆறிய வேகம்தான் வேறு.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பாறை வெப்பத்தை மிகவும் சோம்பேறித்தனமாகக் கடத்தும். தடிமன் இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் நான்கு மடங்காகும், பத்து மடங்கானால் நூறு மடங்காகும். ஒரு மீட்டர் தூரத்துக்கு வெப்பம் கடந்து போகத் தோராயமாக 12 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் என்பது ஆயிரம் மடங்கு தூரம். அப்படியானால் நேரம் பத்து லட்சம் மடங்கு, அதாவது முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல். கொடிமலை அளவுள்ள ஒரு குழம்புத் திரள் ஆறி முடிய லட்சம் ஆண்டு என்பதெல்லாம் பெரிய கணக்கே இல்லை.

கல்லைக் கையில் எடுத்தால்

பத்து ஃபெரிங்கியிலிருந்து தெலுக் பஹாங் போகும் சாலையில் மலையை வெட்டிய இடங்கள் உண்டு. அங்கே புதிதாக உடைந்து விழுந்த துண்டு ஒன்று கிடைத்தால் நல்லது. வெயில்மழை பட்டுப் பழுப்பேறிய வெளித்தோலில் ஒன்றும் தெரியாது, புதிய முகம் வேண்டும்.

அதை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாகவோ லேசான இளஞ்சிவப்பாகவோ இருக்கும் கட்டிகள் ஒரு கோணத்தில் வந்ததும் பளிச்சென்று மின்னும், கொஞ்சம் திருப்பினால் அணைந்துவிடும். அவை ஃபெல்ட்ஸ்பார். தட்டையான முகங்களாக உடைவதுதான் அந்த மினுக்குக்குக் காரணம். சில கற்களில் அவை கட்டைவிரல் நகம் அளவுக்கு நீள்சதுரமாக இருக்கும். கறுப்பாக, நகத்தால் கீறினால் மெல்லிய செதிலாகப் பெயர்ந்து வருவது மைக்கா, நம் ஊரில் காக்காப்பொன் என்று சொல்வது. மூன்றாவது, சாம்பல் நிறத்தில், ஈரமான கண்ணாடிச் சில்லு மாதிரி, எந்தக் கோணத்தில் திருப்பினாலும் தட்டையாக மின்னாதது. அது குவார்ட்ஸ்.

இப்போது வடிவத்தைக் கவனியுங்கள். ஃபெல்ட்ஸ்பாருக்கு நேரான விளிம்புகள் இருக்கும், மைக்காவுக்கும் தன் வடிவம் இருக்கும். குவார்ட்ஸுக்கு மட்டும் சொந்த வடிவம் இருக்காது. மற்றவை விட்டுவைத்த சந்துபொந்துகளை நிரப்பிக்கொண்டு கிடக்கும். காரணம், அது கடைசியாகப் படிகமானது. குழம்பு ஒரே நொடியில் கல்லாவதில்லை. ஒவ்வொரு கனிமமும் தன் வெப்பநிலை வரும்போது வரிசையாகப் பிரியும். அதிகச் சூட்டில் ஒலிவின், பைராக்சீன் போன்ற இரும்பும் மக்னீசியமும் நிறைந்த கரிய கனிமங்கள். கடைசியில், எழுநூறு டிகிரி பக்கம் வரும்போது, பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும். இந்த வரிசையைக் கனடாவில் பிறந்த நார்மன் போவன், வாஷிங்டன் ஆய்வுக்கூட உலைகளில் பொடிகளை உருக்கி, நிறுத்தி, உறையவைத்துக் கண்டுபிடித்தார். 1928இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் இந்தத் துறைக்கு அடிப்படை.

கருங்கல் குழம்பிலிருந்து வந்தது என்பதையே ஒரு காலத்தில் யாரும் நம்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஆபிரகாம் வெர்னர், ஆதிக் கடலிலிருந்து உப்பு படிவதுபோல் கருங்கல் படிந்தது என்று கற்பித்தார். அவர் சொன்னதைத்தான் ஐரோப்பாவில் பலரும் ஏற்றிருந்தார்கள். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1785இல் கிளென் டில்ட் என்ற பள்ளத்தாக்கின் ஆற்றுப்படுகையில், கரிய பழைய பாறைக்குள் சிவந்த கருங்கல் கிளை கிளையாக ஊடுருவியிருப்பதை அவர் பார்த்தார். கெட்டியான கல் இன்னொரு கல்லின் வெடிப்புக்குள் அப்படிப் புக முடியாது. உருகிப் பாய்ந்தால்தான் முடியும்.

அவருடைய எதிராளிகள் விடவில்லை. உருகிய கல் ஆறினால் கண்ணாடிதானே ஆகும், படிகம் எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் கண்டவர் ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால். ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் தற்செயலாக மிக மெதுவாக ஆறிய கண்ணாடி, ஒளிபுகாத படிகக் கட்டியாக மாறிவிட்டதை அவர் அறிந்திருந்தார். அதே வேலையைக் கல்லில் செய்து பார்க்க ஆசை. ஆனால் சின்ன உலையில் பார்த்து பூமியை அளப்பது ஹட்டனுக்குப் பிடிக்காது. மனிதர் மரியாதைக்குக் காத்திருந்து, ஹட்டன் 1797இல் இறந்த பிறகுதான் சோதனையில் இறங்கினார். பசால்ட் வகைக் கல்லை உருக்கிச் சட்டென்று ஆறவைத்தார், கண்ணாடி வந்தது. அதே கண்ணாடியை மறுபடி உருக்கி மெதுவாக ஆறவைத்தார், மணிமணியான கல் வந்தது. பெரியவருக்குப் பயந்து நல்ல சோதனையைத் தள்ளிப்போட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனாலும் செய்தாரே.

அக்கரையில் வெடித்தது

அதே மாதிரிக் குழம்பு உள்ளே ஆறாமல் வெளியே வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பினாங்கிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 350 கிலோமீட்டரில் சுமத்ராவின் தோபா ஏரி. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வெடித்த எரிமலை, கடந்த இருபது லட்சம் ஆண்டுகளில் நடந்த மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. நூறு கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரி, வெடித்த பிறகு தரை உள்ளே சரிந்ததால் உண்டான குழி. அதன் சாம்பல் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில் அடுக்காகப் படிந்து கிடக்கிறது, இந்தியாவிலும் கிடைக்கிறது.

தோபாவின் குழம்பும் சிலிக்கா நிறைந்தது. சேர்மானத்தில் கருங்கல்லுக்குச் சொந்தக்காரன். ஆனால் லெங்கோங் சாம்பலை நுண்ணோக்கியில் வைத்தால் ஃபெல்ட்ஸ்பார் கட்டிகளுக்குப் பதிலாகப் பெரும்பாலும் கூரிய கண்ணாடிச் சில்லுகள் தெரியும். குழம்பில் கரைந்திருந்த நீராவியும் வாயுக்களும் அழுத்தம் விட்டதும் நுரைத்துப் பொங்கி, குழம்பைத் தூள்தூளாகச் சிதறடித்தன. காற்றில் பறக்கும்போதே துகள்கள் உறைந்துவிட்டன. நுரை நுரையாகவே இறுகிய கட்டிகளும் உண்டு. குதிகால் தேய்க்கக் கடையில் விற்கும் நுரைக்கல் அந்த இனம்தான். உள்ளே அத்தனை காற்றறைகள் இருப்பதால் தண்ணீரில் மிதக்கும்.

கடைசிச் சொட்டு

மெதுவாக ஆறுவதில் இன்னொரு விளைவு உண்டு. மலேசியாவின் சரித்திரத்தையே திருப்பிப் போட்டது அது. ஃபெல்ட்ஸ்பார், மைக்கா, குவார்ட்ஸ் என்று ஒவ்வொன்றாகப் படிகமாகும்போது, அவற்றின் கட்டமைப்பில் இடம் கிடைக்காத அணுக்கள் மிச்சக் குழம்பிலேயே தங்கிவிடும். ஈயம், அதாவது டின் எனப்படும் வெள்ளீயம், அப்படிப்பட்டது. போரான், ஃபுளோரின், நீர் எல்லாம் அதனுடன் சேரும். ஆறிக்கொண்டே போகப் போக, மிஞ்சியிருக்கும் கொஞ்சக் குழம்பில் ஈயம் அடர்த்தியாகிக்கொண்டே வரும். முடிவில் அந்தச் சூடான திரவம் சுற்றியுள்ள பாறையின் வெடிப்புகளுக்குள் புகுந்து, ஈயத்தைக் கேசிட்டரைட் என்ற கனமான கனிமமாக விட்டுச் செல்லும்.

பிறகு மலை அரிக்கப்பட்டது. லேசான மண்ணை ஆறு அடித்துக்கொண்டு போக, கனமான கேசிட்டரைட் பள்ளத்தாக்குகளில் தங்கிவிட்டது. கிந்தாவில் தோண்டியது, தைப்பிங்கில் தோண்டியது எல்லாம் இந்தச் சேற்றைத்தான். 1857இல் அம்பாங்கில் ஈயம் தேடிப் போனவர்கள் கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் இடத்தில் கரையிறங்கினார்கள். அந்தச் சேற்றுக்கரைதான் பிற்பாடு கோலாலம்பூர்.

அதே கடைசித் திரவம் இன்னொரு அடையாளத்தையும் தலைநகருக்குப் பக்கத்தில் விட்டுப்போயிருக்கிறது. புக்கிட் தாபூர் ஏறியவர்களுக்குத் தெரியும், முதுகெலும்பாக நீளும் அந்த வெள்ளைப் பாறை. கருங்கல்லில் ஏற்பட்ட ஒரு நீண்ட பிளவுக்குள் சூடான நீர் கொண்டுவந்து அடைத்த குவார்ட்ஸ் அது. நீளம் சுமார் 14 கிலோமீட்டர். சுற்றியிருந்த கருங்கல் இற்றுப்போய்விட்டது. குவார்ட்ஸ் எளிதில் இற்றுப்போகாது, அதனால் அது மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

மெதுவாக ஆறினால்தான் பெரிய படிகம் என்று மேலே சொன்னேன். அதற்கு ஒரு விலக்கும் இங்கேதான் இருக்கிறது. நீர் மிகுந்த கடைசிக் குழம்பில் அணுக்கள் சுலபமாக நகரும். ஆகவே அதிக நேரம் இல்லாமலே கையளவு, சில இடங்களில் ஆளுயரப் படிகங்கள்கூட வளர்ந்துவிடும். பெக்மடைட் என்று இதற்குப் பெயர். ஆகவே மணியின், அதாவது படிகத்தின், அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

எப்படி மேலே வந்தது?

சரி, கிலோமீட்டர் கணக்கில் ஆழத்தில் ஆறிய கல் இன்று எப்படிக் கடற்கரையில் கிடக்கிறது? மேலே மூடியிருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையிலும் ஆற்றிலும் கரைந்து போக, பாரம் குறையக் குறைய அடியில் உள்ளது மெல்ல உயர்ந்தது. சபாவின் கினபாலு இன்னும் வேகமாக வந்தது. அந்தக் கருங்கல் ஆறி ஒரு கோடி ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள் 4,095 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

பாரம் குறைந்ததும் கல் விரிந்து வெடிப்பு விடும். பினாங்கின் மழை அந்த வெடிப்புகளில் இறங்கி ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்குகிறது. குவார்ட்ஸ் மணலாக உதிர்கிறது. பத்து ஃபெரிங்கி மணலில் பெரும்பங்கு அதுதான். வெடிப்புகளுக்கு நடுவே உள்ள கட்டிகள் மூலை மழுங்கி உருண்டையாகின்றன. கடலோரத்தில் கிடக்கும் அந்தப் பெரிய உருண்டைகளை அலைதான் உருட்டியது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவை மண்ணுக்குள் இருந்தபோதே உருண்டைகள். மண் போனபின் வெளியே தெரிந்தன.

தைப்பூசத்தில் நம் மக்கள் ஏறும் இரண்டு மலைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். தண்ணீர்மலை கருங்கல். நீர் அதை எளிதில் கரைக்காது, அதனால் மேலே வழிந்து அருவியாக விழுகிறது. பத்துமலை தீப்பாறையே இல்லை, சுண்ணாம்புக்கல். நாற்பது கோடி ஆண்டு அளவுக்குப் பழைய கடலில் படிந்தது. லேசான அமிலத்தன்மையுள்ள மழைநீர் அதைக் கரைத்ததால்தான் குகை உண்டானது. பக்கத்தில் வந்து புகுந்த கருங்கல் குழம்பின் சூட்டில் கோலாலம்பூர்ச் சுண்ணாம்புக்கல்லில் நிறையப் பகுதி சலவைக்கல்லாக மாறியும் இருக்கிறது.

நாட்டில் லாவா ஆறிய கல்லும் உண்டு. குவாந்தானின் பத்து ஹித்தாம் கடற்கரையில் உள்ள கறுப்புப் பாறைகள் பசால்ட். கண்ணுக்கு மணிமணியாக எதுவும் தெரியாது, ஒரே கறுப்புதான். வேகமாக ஆறியதால் மணி பொடி. இரும்பும் மக்னீசியமும் கூடியதால் நிறம் கறுப்பு. மணி ஆறிய வேகத்தைச் சொல்லும், நிறம் குழம்பின் சேர்மானத்தைச் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியாகப் பார்த்தால் பாதிப் பாறைகளுக்கு நீங்களே பெயர் சொல்லிவிடலாம். உதாரணமாக, சமையலறை மேடைக்குக் கடையில் "கறுப்பு கிரானைட்" என்று காட்டுகிறார்களே, அதைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மணிகள் தெரிகின்றன, ஆனால் குவார்ட்ஸைத் தேடினால் கிடைக்காது. பெரும்பாலும் அது கப்ரோ அல்லது டொலரைட்: சேர்மானத்தில் பசால்ட், ஆனால் பூமிக்குள் கொஞ்சம் நிதானமாக ஆறியது. விலை பேசும்போது கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை, அவர் குறைக்க மாட்டார். கல் நல்ல கல்தான், வாங்கிக்கொள்ளலாம்.